முழங்காலுக்குக் கீழே ஓர் அபூர்வம்

டாக்டர் முன்திர் குதூகலமாக இருந்தால் இர்பித் நகரில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கெட்டவர் அல்ல. வாழ்நாளெல்லாம் பித்தப்பையும் குடல்வாலும் பார்த்து அலுத்துப்போன மனிதர். அபூர்வமான கட்டி ஒன்று வந்துவிட்டால் மட்டும் கல்யாண வீட்டுக்காரரைப் போல ஆகிவிடுவார். அறை அறையாகப் போய் ஆள் பிடித்து இழுத்துவருவார்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவர் பாடிக்கொண்டே நடைபாதையில் வந்தார்.

"ரிஹாப்! கையில இருக்கிறதைக் கீழ வை. உலகத்துல யாருமே பார்க்காததைப் பார்க்கப் போற, வா."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க டாக்டர். கடைசில அது மரு."

"மரு இல்ல, அபூர்வமான மரு. வாயை மூடிக்கிட்டு கண்ணைத் திற."

மைக்ரோஸ்கோப்பில் இருந்தது அபூ ராமிஸின் கால். அதாவது, காலிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு. மருத்துவமனைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் அபூ ராமிஸ். இந்த ஊரில் நாட்டு வைத்தியத்துக்கு அவரைவிடப் பெரிய எதிரி கிடையாது. 'மூலிகை எண்ணெய், சூடு, தாயத்து பற்றிய பேச்சுக்கு இங்கே இடமில்லை' என்று கடையில் பலகையே மாட்டியிருக்கிறார். அவருடைய முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், வாதுமைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. நடுவில் எரிமலை வாய்போல ஒரு துளை, அதிலிருந்து எப்போதும் கசிவு. ஒரு வருடமாக எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை. அறுவை மருத்துவர் அவ்னி அதில் ஒரு கீற்று எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

அனுப்பிய சதையை நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஈரமான சதையை மெல்லியதாகச் சீவ முடியாது, குழைந்துவிடும். அதனால் முதலில் ஃபார்மலினில் போட்டுக் கெட்டிப்படுத்துவோம். பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்துத் தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய மெழுகை ஏற்றுவோம். மெழுகு இறுகியதும் சதை ஒரு சின்ன சோப்புக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். அதைத் தலைமுடியை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவோம். செல்லின் கரு நீலமாகும், மற்றதெல்லாம் ரோஜா நிறம். இந்த நீலமும் ரோஜாவும்தான் எங்கள் எழுத்து. நீலம் அளவுக்கு மீறிப் பெருத்து, கலைந்து, கோணல்மாணலாகக் கிடந்தால் புற்றுநோய் என்று படிக்கிறோம்.

நான் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் தோல், நாக்கு நாக்காகக் கீழே இறங்கியிருந்தது. அதற்கும் அடியில் அந்த விசித்திரம். பெரிய பெரிய அறைகள், ஒவ்வொன்றுக்கும் தடித்த ரோஜா நிறச் சுவர், தேன்கூடுபோல அடுக்கடுக்காக. உள்ளே நீலமே இல்லை.

"கரு எங்க டாக்டர்?"

"இல்ல!"

"கரு இல்லாம கட்டி எப்படிப் பெருகும்?"

"அதான் அபூர்வம்! கரு இருந்தா அதை யாரு வேணா கண்டுபிடிப்பான். நான் எந்தப் புத்தகத்துலயும் இதைப் பார்த்ததில்ல. எந்தப் புத்தகத்துலயும் இல்லன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"புத்தகத்துல போடுற விஷயம் இல்லன்னு இருக்கலாம்."

"முன்திர் கட்டின்னு அர்த்தம்." அவர் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "கெய்ரோ மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுத ஆரம்பிச்சுட்டேன். அவ்னிகிட்டயும் ஃபோன்ல சொல்லிட்டேன், மோசமான ஜாதி, எப்ப எங்க பாயும்னு சொல்ல முடியாதுன்னு. ஞாயித்துக்கிழமை காலை எடுத்துடறான்."

"எந்தக் காலை?"

"கட்டி எந்தக் கால்ல இருக்கோ அந்தக் காலைத்தான், ரிஹாப். முழங்காலுக்கு மேல."

அவர் பாடிக்கொண்டே போய்விட்டார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஒரு மனிதரின் கால் போகிறது, கருவே இல்லாத ஒரு செல்லை நம்பி.

என்னை உறுத்தியது அந்தச் சுவர்தான். மனித உடம்பின் செல் சோப்புக் குமிழியைப் போன்றது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் மட்டுமே உண்டு. அழுத்தினால் நெளியும், பக்கத்துக் குமிழியோடு ஒட்டிக்கொள்ளும். சுவர் கட்டி அறை அறையாகக் குடியிருக்கும் செல்கள் செடிகொடிகளில்தான் உண்டு. செடிக்கு எலும்பு கிடையாது, அந்தச் சுவர்கள்தான் அதை நிமிர்ந்து நிற்கவைக்கின்றன.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வெளிச்சத்தை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் கண்ணாடித் தகடு ஒன்றை ஸ்லைடுக்குக் கீழே வைக்க வேண்டும். அதற்குக் குறுக்காக இன்னொன்றை மேலே வைக்க வேண்டும். முதலாவது விட்டதை இரண்டாவது மறித்துவிடும், எல்லாம் இருட்டாகிவிடும். ஆனால் நடுவில் ஒழுங்காக அடுக்கிய நார்கள் ஏதாவது இருந்தால் அவை வெளிச்சத்தைத் திருப்பிவிடும், இருட்டில் அவை மட்டும் மின்னும். செடியின் சுவர் அப்படிப்பட்ட நார்களால் ஆனது.

தகட்டைத் திருப்பினேன். பெருநாள் இரவில் கடைத்தெருவில் விளக்குப் போட்டதுபோல முன்திர் கட்டி முழுவதும் பளிச்சென்று எரிந்தது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம் எங்கள் மேலேயே. திசு சீவும் வேலை இதிதாலுடையது. என் வயதுக்காரி, கைத்திறமையைவிட வாய்த்திறமை இரண்டு மடங்கு. கூப்பிட்டேன்.

"இதிதால், இதைச் சீவின அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"ஃபத்தே. ரொட்டி கொஞ்சம், தயிர் கொஞ்சம், கொண்டைக்கடலை நிறைய. ஏன், உங்களுக்குத் தரலன்னு கோபமா?"

"எங்க உக்காந்து சாப்பிட்ட?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கை இடுப்புக்குப் போனது.

"சாப்பாட்டு அறையில! வல்லாஹி, சத்தியமா டாக்டர், நான் கத்தியைத் துடைக்கிற மாதிரி எங்க அம்மா எங்களைக்கூடத் துடைச்சதில்ல. என் சாப்பாடு உங்க ஸ்லைடுல விழுந்துதுன்னு சொல்றீங்களா? என் சாப்பாட்டுல ஒரு பருக்கை கீழ விழாது. எங்க வீட்டுல எட்டுப் பிள்ளைங்க, விழுந்தா அடுத்தவன் எடுத்துத் தின்னுடுவான்."

நான் மறுபடியும் குனிந்தேன், அவள் சொன்னது சரிதான். வெளியிலிருந்து விழுந்த தூசி எப்போதும் சதைக்கு மேலே மிதந்துகொண்டு இருக்கும். அதைத் தெளிவாகப் பார்த்தால் சதை மங்கும், சதையைத் தெளிவாகப் பார்த்தால் அது மங்கும். இங்கே இரண்டும் ஒரே தளத்தில் இருந்தன. அதைவிடப் பெரிய சாட்சி, அந்தச் சுவர்களைச் சுற்றி நின்ற ராட்சச செல்கள். உடம்பில் துப்புரவு செய்யும் செல்கள் உண்டு. அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் விழுங்கிவிடும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் பத்து இருபது செல்கள் ஒன்றாகக் கலந்து ஒரே ராட்சசனாகி அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். உயிருள்ள உடம்புக்குத்தான் இது தெரியும். வெட்டி எடுத்த சதை யாரையும் கட்டிப்பிடிக்காது.

ஆக, ஏதோ ஒரு செடிப்பொருள் அபூ ராமிஸின் காலுக்குள் மாதக்கணக்கில் குடியிருந்திருக்கிறது. இன்னொரு சீவலை எடுத்து ஒரு சொட்டு ஐயோடின் விட்டேன். நடுப்பகுதியில் இன்னும் கரையாமல் மிச்சமிருந்த மணிகள் கருநீலமாயின. மாவுச்சத்து. முள்ளோ மரச்சிராயோ இல்லை, சமையலறைச் சாமான்.

இதிதால் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கடலை வைத்தியம்," என்றாள் மெதுவாக.

எங்கள் பக்கத்தில் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி வந்தவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று எங்களிடம் வருவது. மற்றது அஜ்லூன் மலைப்பக்கம் போவது. அங்கே காய்ச்சிய இரும்பால் காலில் ஒரு சின்னச் சூடு வைப்பார்கள். அந்தப் புண்ணில் ஒரு கொண்டைக்கடலையை அழுத்தி, மேலே இலை வைத்துக் கட்டிவிடுவார்கள். கடலை உடம்பின் நீரைக் குடித்து உப்பும், புண்ணிலிருந்து சீழ் வரும், கெட்ட நீர் வெளியேறுகிறது என்பார்கள். காலையில் பழைய கடலையை எடுத்துவிட்டுப் புதிய கடலை வைக்க வேண்டும். வாரக்கணக்கில் இப்படி.

"ஆனா அபூ ராமிஸா?" என்றேன்.

"அபூ ராமிஸா!" என்று இதிதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைக்கு ஃபோன் செய்தேன். நலம் விசாரித்தேன், பையன் ராமிஸை விசாரித்தேன், பிறகு முடிந்தவரை நாசூக்காகக் கேட்டேன்.

"அபூ ராமிஸ், அந்த இடத்துல எப்பவாவது... கொண்டைக்கடலை ஏதாவது வெச்சீங்களா?"

மறுமுனையிலிருந்து கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"டாக்டர் ரிஹாப், நான் மருந்தியல் படிச்சவன். கொண்டைக்கடலையை நான் வைக்கிற ஒரே இடம் வாய்!"

ஃபோன் வைக்கப்பட்டது.

சரி, மனிதர் பேசாவிட்டால் கடலை பேசட்டும். இதிதால் வீட்டிலிருந்து ஊறவைத்த கொண்டைக்கடலை கொண்டுவந்தாள். துணைக்கு ஒரு துவரை, ஒரு மொச்சை. மனிதச் சதைக்கு என்ன உபசாரமோ அதே உபசாரம் கடலைக்கும் நடந்தது: ஃபார்மலின், ஆல்கஹால், மெழுகு. மறுநாள் வியாழக்கிழமை அவள் சீவித் தந்த ஸ்லைடுகளில் துவரையும் மொச்சையும் ஒத்துவரவில்லை. கடலை அப்படியே ஒத்துவந்தது. அதே அறைகள், அதே சுவர்கள். வித்தியாசம் ஒன்றுதான். புதிய கடலையில் அறை நிறைய மாவு இருந்தது, காலில் இருந்த கடலையில் உடம்பு அதில் பெரும்பங்கைத் தின்று தீர்த்திருந்தது.

இருந்த சந்தோஷத்தில் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பிலேயே விட்டுவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் டாக்டர் முன்திர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் ஒரு பரவசம்.

"ரிஹாப், இந்த ரெண்டாவது துண்டு எப்ப வந்தது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"டாக்டர், அது வந்து..."

"பரவிடுச்சு! முதல் துண்டுல இருந்த செல்லே கொஞ்சம் சோர்ந்துபோய் இருந்தது. இதைப் பாரு, எப்படி கொழுத்துப்போய் நிக்குது! வீரியமான வளர்ச்சி. நிணநீர்க் கட்டியா இது? தொடையில எடுத்ததா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு உறுதியா சொல்றீங்களா டாக்டர்?"

"என்னைச் சோதிக்கிறியா? இந்தச் சுவரை நான் தூக்கத்துலகூட அடையாளம் சொல்லுவேன். முன்திர் கட்டி, சந்தேகமே இல்ல. எதுல கேட்டாலும் கையெழுத்துப் போடறேன்." கை ஃபோனை நோக்கிப் போனது. "அவ்னிகிட்ட சொல்லணும், இன்னும் மேல வெட்டச் சொல்லணும்."

நான் ஃபோனின் மேல் கை வைத்தேன். கதவருகே இதிதால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"டாக்டர், இது இதிதால் வீட்டு அடுப்படியில எடுத்தது."

"என்ன?"

"கொண்டைக்கடலை. முந்தாநாள் ராத்திரி ஊறப்போட்டது."

டாக்டர் முன்திர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். நான் இரண்டாவது தகட்டைத் திருப்பினேன், கடலை மின்னியது. பழைய ஸ்லைடை வைத்தேன், அதுவும் மின்னியது. கெய்ரோ மாநாடு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போவதை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் மட்டமான மருத்துவர் அல்ல. அடுத்து வந்த கேள்வி சரியான கேள்வி.

"அப்ப இந்தத் தோல்? நாக்கு நாக்கா கீழ இறங்கியிருக்கே. ஆறாத புண்ணோட ஓரத்துல புற்றுநோய் வரும், உனக்குத் தெரியும். உள்ள கடலை இருக்குன்னா ஓரத்துல புற்றுநோய் இல்லன்னு ஆகாது."

"உறுத்தல் இருந்தாலும் தோல் இப்படி இறங்கும் டாக்டர். செல்லெல்லாம் ஒழுங்கா இருக்கு."

"ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா உறுத்தினது என்ன, எப்படி உள்ள போச்சு, எப்ப போச்சுன்னு தெரியாம நான் 'புற்றுநோய் இல்ல'ன்னு எழுதினா அவ்னி என்ன சொல்லுவான்? 'உங்க ஆய்வகத்துக் கத்தியில ஃபத்தே ஒட்டியிருந்தது'ம்பான். வெட்டியே தீருவான். அந்த மனுஷன் தன் வாயால சொல்லட்டும். சொன்னா இப்பவே கையெழுத்து."

அவ்னிக்கு ஃபோன் செய்து பார்த்தேன். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தை, ஃபத்தே உட்பட.

ஆகவே அபூ ராமிஸை வரவழைத்தோம். மத்தியானம் வந்தார், கையில் தடி, கூடவே மனைவி உம்மு ராமிஸ். அழுது அழுது அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்தது. பெரிய சிக்கல் அதுதான். அபூ ராமிஸை மட்டும் தனியாகக் கேட்கலாம் என்று பார்த்தால் அந்த அம்மா நகரமாட்டேன் என்றார்.

"காலை எடுக்கப் போறாங்க, நான் வெளிய நிக்கணுமா? எல்லாத்தையும் எனக்கு முன்னாலயே சொல்லுங்க."

"சொல்ல வேண்டியது நாங்க இல்லம்மா," என்றார் டாக்டர் முன்திர். "அபூ ராமிஸ், உங்க கால் உங்க வாயில இருக்கு. கடலை வெச்சீங்களா, இல்லையா?"

உம்மு ராமிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கடலையா? இவரா? டாக்டர், எங்க அம்மா முட்டிவலிக்குக் கடலை வெச்சுக்கிட்டதுக்கு, பெருநாள் விருந்துல, முழுக் குடும்பத்துக்கு முன்னால, 'உங்க கால்ல கடலை மசிஞ்சு ஹம்மூஸ் ஆகிடுச்சா, ரொட்டி கொண்டுவரட்டுமா'ன்னு கேட்ட மனுஷன் இவரு! அம்மா இன்னும் எங்க வீட்டுப் படி ஏறல!"

அபூ ராமிஸ் தடியின் பிடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை இழப்பதா, மாமியாரிடம் தோற்பதா என்று ஒரு மனிதர் உண்மையாகவே யோசிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் எதுவும் இல்ல," என்றார் கடைசியில். "காலை எடுத்துக்குங்க."

"என்னங்க!" என்று உம்மு ராமிஸ் அலறினார்.

அபூ ராமிஸை மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தேன். ஐயோடின் விட்ட ஸ்லைடை வைத்தேன். படித்தவர் ஆசைப்படும் விஷயம் ஒன்றே ஒன்று, தனக்குத் தெரிந்ததை யாராவது கேட்க வேண்டும்.

"அபூ ராமிஸ், நீங்க மருந்தியல் படிச்சவர். இது ஐயோடின். நீலமாகியிருக்கே, என்னவா இருக்கும்?"

"இதென்ன கேள்வி?" என்றார், கண்ணை எடுக்காமல். குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "மாவுச்சத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"மனுஷன் உடம்புல மாவுச்சத்து இருக்குமா?"

"இருக்கவே இருக்காது. உடம்பு அதை வேற மாதிரி சேமிக்கும், ஐயோடினுக்கு அது செம்பழுப்பா ஆகும். இந்த மாதிரி கருநீலம்னா வெளியிலேர்ந்து வந்த தானியம், இல்லன்னா..."

நின்றுவிட்டார்.

"இல்லன்னா?" என்றார் உம்மு ராமிஸ்.

அபூ ராமிஸ் மைக்ரோஸ்கோப்பின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"போன குளிர்காலம்," என்றார் அபூ ராமிஸ், லென்ஸைப் பார்த்தே. "ராத்திரியெல்லாம் வலி. மாத்திரை, ஊசி எதுவும் கேட்கல. அஜ்லூனுக்குப் போனேன். மூக்குவரை சால்வையைச் சுத்திக்கிட்டுப் போனேன்."

"சரக்கு எடுக்க அம்மான் நகரத்துக்குப் போறேன்னீங்களே!"

"நீ கொஞ்சம் சும்மா இரு. தினமும் கடையில கதவைச் சாத்திக்கிட்டுக் கடலை மாத்துவேன். அப்பத்தான் மருந்தாளுநர் சங்கத்துல என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பேசினேன்."

"எதைப் பத்தி?" என்று இதிதால் கதவருகிலிருந்து கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"நாட்டு வைத்தியத்தோட ஆபத்தைப் பத்தி," என்றார் அபூ ராமிஸ். "கடலை உள்ள இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரிச்சா காணோம். பேசுற வேகத்துல கீழ விழுந்திருக்கும்னு நெனச்சேன். மறுநாள் போய் மேடை முழுக்கக் கண்ணாலயே தேடிட்டு வந்தேன். அதுக்கப்புறம் வெட்கமாப் போச்சு, நிறுத்திட்டேன். புண்ணு மேல மூடிக்கிச்சு, நடுவுல ஒரு ஓட்டை மட்டும் மூடல."

அது கீழே விழவில்லை. உப்பி, உள்ளே இறங்கி, மேலே தோல் மூடி, அன்றிலிருந்து உடம்பு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் பொருந்தியது: இடம், காலம், கசிவு, நாக்கு நாக்காக இறங்கிய தோல். டாக்டர் முன்திர் பேனாவை எடுத்தார். புற்றுநோய் இல்லை, காலை எடுக்கத் தேவையில்லை, அந்நியப் பொருளைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து, எடுத்தது முழுவதையும் எங்களுக்கு அனுப்பவும். எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவ்னிக்குத் தாமே ஃபோன் செய்தார். அரை மணி நேர வேலை, மரத்துப்போக ஊசி போட்டால் போதும் என்றார் அவ்னி. கொஞ்சம் சிரித்தார் என்றும் நினைக்கிறேன்.

ஃபோனை வைத்ததும் டாக்டர் முன்திர் அபூ ராமிஸின் பக்கமாக நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"அஜ்லூன்ல அந்த ஆள்கிட்ட நிறையப் பேர் போறாங்களா?"

"வரிசை நிக்குது."

"கடலை உள்ளயே தங்கிப்போனவங்க வேற யாராவது இருப்பாங்களா? கைல, முதுகுல? விதவிதமான இடத்துல?" கண் மறுபடியும் மின்ன ஆரம்பித்தது. "சேர்த்துப் பார்த்தா ஒரு நல்ல தொகுப்பு வரும், ரிஹாப். இப்படித் தொகுத்து யாரும் எழுதினதா எனக்குத் தெரியல."

அபூ ராமிஸ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மு ராமிஸ் அழுகையை நிறுத்தியிருந்தார். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?" என்றார் அபூ ராமிஸ்.

"அம்மாவுக்கு. கால் தப்பிச்சதுன்னு நல்ல சேதி சொல்ல வேண்டாமா?"

"உம்மு ராமிஸ், வேண்டாம்."

"எப்படித் தப்பிச்சதுன்னும் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அடியே, அந்த ஃபோனைக் குடு!"

உம்மு ராமிஸ் எழுந்து நடைபாதைக்குப் போய்விட்டார், ஃபோன் காதில். ஒரு வருடமாகத் தடி இல்லாமல் அடி எடுத்து வைக்காத அபூ ராமிஸ், நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பின்னாலேயே ஓடினார். நாங்கள் கதவுக்கு வருவதற்குள் அந்த அம்மா மாடிப்படி இறங்கிவிட்டார். அபூ ராமிஸ் இரண்டிரண்டு படியாகத் தாவி, "நில்லுடி! மாமிகிட்ட நானே பேசறேன்!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். டாக்டர் முன்திர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தக் கால் மடங்குவதையும் நீள்வதையும் கூர்ந்து கவனித்தார்.

"நல்ல கால்," என்றார்.